வேலைய விடாம கரஸ்ல எம்எஸ்சி: மூணரை வருஷம் படிச்ச ஒரு மேக்ஸ் மிஸ் சொல்ற வழி

எங்க ஸ்டாஃப் ரூம்ல வருஷத்துக்கு ஒருத்தராவது வந்து கேப்பாங்க, "மிஸ், கரஸ்ல எம்எஸ்சி போட்டா ஈஸியா முடிச்சிடலாமா?"ன்னு. கரஸ்னா தொலைதூரக் கல்வி. முடிக்கலாம், ஆனா ஈஸிங்கற வார்த்தைய மட்டும் விட்ருங்கன்னுதான் நான் சொல்றது. கரூர் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கறேன், பிஎஸ்சி பிஎட் முடிச்சு ஏழு வருஷம் கழிச்சு எம்எஸ்சி மேக்ஸ் சேந்தேன், ரெண்டு வருஷ கோர்ஸ மூணரை வருஷத்துல முடிச்சேன். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா நடுவுல கொஞ்சம் புலம்புவேன். ஆனா எங்க சேந்தாலும் இந்த விஷயங்க பொருந்தும்.

ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டியத மொதல்ல சொல்லிடறேன், இங்க ஏமாந்தவங்கதான் நெறைய. யூஜிசில (பல்கலைக்கழக மானியக் குழு) டிஸ்டன்ஸ் எஜுகேஷன் பியூரோன்னு ஒண்ணு இருக்கு, டிஇபின்னு சொல்லுவாங்க, அவங்க வெப்சைட்ல எந்த யுனிவர்சிட்டி எந்த கோர்ஸ எந்த வருஷம் நடத்தலாம்னு லிஸ்ட் போட்ருப்பாங்க. யுனிவர்சிட்டி பேரு இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க. அதே யுனிவர்சிட்டில எம்எஸ்சி மேக்ஸுக்கு அனுமதி இருக்கும், எம்எஸ்சி ஃபிசிக்ஸுக்கு இருக்காது, போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமயும் போகும். நீங்க சேர்ற கோர்ஸு, நீங்க சேர்ற செஷன், ரெண்டும் அந்த லிஸ்ட்ல இருக்கணும், இருந்தா அந்தப் பக்கத்த அன்னிக்கே பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்ருங்க, எதுக்குன்னு கடைசில சொல்றேன். இன்னொண்ணு, மாநில யுனிவர்சிட்டிங்க தொலைதூரக் கல்விய அவங்க எல்லைக்குள்ளதான் நடத்த முடியும். இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மத்திய யுனிவர்சிட்டி, அதுக்கு நாடு முழுக்க அனுமதி. அதனால வடக்க எங்கயோ இருக்கற ஒரு யுனிவர்சிட்டி பேர்ல நம்ம பஸ் ஸ்டாண்ட் மாடில ஒரு ஆபீஸ் போட்டு "ஒரே சிட்டிங்ல எம்எஸ்சி, பரீட்சைக்கு வர வேணாம்"னு சொன்னா திரும்பிப் பாக்காம எறங்கி வந்துருங்க.

பாடம் தேர்றதுலயும் ஒரு புது சிக்கல் இருக்கு. இன்ஜினியரிங், மெடிக்கல், நர்சிங் எல்லாம் கரஸ்ல கெடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலை-ஆகஸ்ட் செஷன்ல இருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் இதையும் தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யூஜிசி சொல்லிருச்சு. பழைய யூடியூப் வீடியோவ பாத்துட்டு இதுல சேரலாம்னு இன்னும் கேட்டுட்டு இருக்காங்க, அதனால சொல்றேன்.

மேக்ஸுக்கு பொதுவா லேப் இல்ல, பேனாவும் பேப்பரும் போதும், வேலைல இருக்கறவங்களுக்கு அது பெரிய வசதி. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி எடுக்கறவங்க லேப் எங்க நடக்குது, தொடர்ந்து எத்தன நாள், வாரக் கடைசியா இல்ல வாரம் முழுக்கவான்னு சேர்றதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி கேட்டுருங்க, பிராக்டிகலுக்குப் போகாம தியரி மட்டும் எழுதி எம்எஸ்சி வாங்க முடியாது, பிரைவேட் கம்பெனில பத்து நாள் சேந்தாப்ல லீவு கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். டீச்சர் வேலைக்காகப் படிக்கறவங்க யுஜில எந்த மேஜரோ அதே மேஜர்லயே பிஜி போடுங்க. கிராஸ் மேஜர்னு சொல்லி பிஜி டீச்சர் போஸ்ட்டுக்குத் தள்ளி விட்ட கதை எங்க ஊர்லயே ரெண்டு இருக்கு.

"கரஸ் டிகிரிக்கு மதிப்பு இருக்கா?"ன்னு அடுத்த கேள்வி வரும். 2022 செப்டம்பர்லயே யூஜிசி அறிவிச்சாச்சு, அனுமதி உள்ள நிறுவனத்துல தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ வாங்கின டிகிரி ரெகுலர் டிகிரிக்குச் சமம்னு. ஆனா நம்ம தமிழ்நாட்டுல அரசு வேலைக்கு 10, +2, அப்புறம் மூணு வருஷ டிகிரிங்கற வரிசை சரியா இருக்கான்னு பாப்பாங்க, +2 முடிக்காம நேரா டிகிரி போனவங்க அத மொதல்ல யோசிக்கணும். ஏற்கனவே கவர்மென்ட் வேலைல இருக்கறவங்க துறை அனுமதிய எழுத்துல வாங்கிட்டு அப்புறம் அப்ளிகேஷன் போடுங்க, ஹெச்எம் வாயால "படிம்மா படி"ன்னு சொன்னது பின்னாடி எங்கயும் செல்லாது. அப்புறம் மார்க்கு. பாஸ் ஆனா போதும்னு ஆரம்பிக்காதீங்க, சிஎஸ்ஐஆர் நெட் (காலேஜ்ல பாடம் எடுக்கவும் ரிசர்ச் உதவித்தொகைக்கும் எழுதற பரீட்சை) எழுத பொதுப் பிரிவுக்கு எம்எஸ்சில 55 சதவீதம் வேணும், எஸ்சி எஸ்டி மாதிரி சில ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50. நாப்பத்தஞ்சு நாப்பத்தாறுன்னு தேறி வந்துட்டு அப்புறம் தலைல கை வச்சு உக்காந்தவங்கள பாத்திருக்கேன்.

அட்மிஷன்ல எல்லாரும் மாட்டிக்கற எடம் இனிஷியல். இப்ப டிஇபி ஐடின்னு ஒண்ணு எடுக்கணும், அதுக்கு ஏபிசி ஐடி (அகாடெமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், உங்க படிப்புக் கணக்க சேத்து வைக்கற நம்பர்) வேணும், ஏபிசி ஐடி டிஜிலாக்கர் வழியா ஆதார்ல இருக்கற பேர எடுத்துக்கும். நம்ம ஊர்ல பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும், கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு வீட்டுக்காரர் பேரும் சேந்திருக்கும். கடைசித் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி இத சரி பண்ண கெளம்பினா இ-சேவை மையத்துல டோக்கன் வாங்கிட்டு உக்காந்து அழ வேண்டியதுதான். ஒரு மாசம் முன்னாடியே பேர ஒண்ணாக்கிடுங்க.

சரி, இனிமேதான் படிப்பு. கரஸ்ல ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்புன்னு கணக்கு. எம்எஸ்சி 64 கிரெடிட்ல இருந்து 80, அதுக்கு மேலயும் இருக்கும், கோர்ஸுக்கு கோர்ஸ் மாறும். 80னு வச்சா 2400 மணி நேரம். ரெண்டு வருஷத்துல முடிக்கணும்னா வாரத்துக்கு 23 மணி நேரம், நாலு வருஷம் எடுத்துக்கிட்டா பதினொன்றரை. இந்தக் கணக்க யாரும் சேர்றதுக்கு முன்னாடி போட்டுப் பாக்கறதில்ல, நானும் பாக்கல, பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு வேலையும் நேரமும்னு கணக்கு நடத்தற ஆளு நானு. இக்னோ மாதிரி எடத்துல குறைஞ்சது ரெண்டு வருஷம், அதிகபட்சம் நாலு வருஷம்னு குடுத்திருக்காங்க, மொதல் வருஷ பேப்பர் பாஸ் ஆகாட்டியும் ரெண்டாம் வருஷத்துக்கு ரீ-ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம், எந்த பேப்பர எப்ப எழுதறதுன்னு நீங்க முடிவு பண்ணலாம். இதுல பாதகமும் இதேதான், ஒருத்தரும் உங்கள வெரட்ட மாட்டாங்க, நீங்க ஒரு வருஷம் புக்க தொடாம இருந்தாக்கூட ஏம்மா வரலன்னு ஒரு ஃபோன் வராது. நான் மொதல் தடவ வேகமா நாலு பேப்பருக்கு பணம் கட்டினேன், ரெண்டு போச்சு, ரெண்டுலயும் இருபத்தி சொச்சம்.

அதுக்கப்புறம் ஒரு பருவத்துக்கு ரெண்டு, ரொம்ப தெம்பா இருந்தா மூணுன்னு வச்சுக்கிட்டேன். ரெண்டு எழுதும்போது ஒண்ணு கஷ்டமானது, இன்னொண்ணு ஏற்கனவே கொஞ்சம் தெரிஞ்சது. ரியல் அனாலிசிஸையும் அல்ஜிப்ராவையும் ஒரே பருவத்துல எழுதறது தற்கொலைக்குச் சமம், ஒண்ணோட டிஃபரன்ஷியல் ஈக்வேஷன சேத்துக்கிட்டா மூச்சு விடலாம்.

உங்க வேலையோட காலண்டரும் யுனிவர்சிட்டியோட காலண்டரும் எங்க முட்டிக்கும்னு பாத்துக்கங்க, இதுதான் எனக்கு யாரும் சொல்லித் தராதது. இக்னோல ஜூன்லயும் டிசம்பர்லயும் பரீட்சை, அசைன்மென்ட் பொதுவா மார்ச் 31, செப்டம்பர் 30 (தேதிய நீட்டுவாங்க, ஆனா அத நம்பி உக்காராதீங்க). டீச்சரா இருந்தா மார்ச்சுல பப்ளிக் எக்ஸாம், ரிவிஷன் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ்னு நாக்கு தள்ளிரும், அதனால ஜூன் பரீட்சைக்கான அசைன்மென்ட்ட பொங்கல் லீவுக்குள்ள எழுதி முடிச்சிடணும். ஏப்ரல் கடைசில பேப்பர் திருத்தி முடிச்சா மே மாசம் முழுசா நம்மளுது, அதனால கஷ்டமான பேப்பர ஜூனுக்கு வைங்க. டிசம்பர்ல அரையாண்டு வரும், அதுக்கு லேசானது போதும். பேங்க்ல இருக்கறவங்களுக்கு மார்ச் கணக்கு முடிக்கற நேரம், பனியன் கம்பெனில இருக்கறவங்களுக்கு தீபாவளி போனஸ் சமயத்து ஓவர்டைம், ஆளாளுக்கு ஒரு மாசம் இப்படி சிக்கும். அந்த மாசத்துல படிப்பேன்னு டைம் டேபிள்ல எழுதாதீங்க, அவ்வளவுதான்.

நேரம் எங்க கெடைக்கும்னா, எனக்கு காலைல நாலரைல இருந்து ஆறு. ராத்திரி படிச்சுப் பாத்தேன், நோட்டு மேலயே தூங்கி காலைல கன்னத்துல இங்க் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்னா வாரத்துக்கு ஒம்போது, ஞாயித்துக்கெழம ஒரு மூணு மணி நேரம், மொத்தம் பன்னெண்டு, மேல சொன்ன நாலு வருஷக் கணக்குக்கு அப்படியே பொருந்துது பாருங்க. பஸ்ல நாப்பது நிமிஷம் போறேன், அதுல ப்ரூஃப் படிக்க முடியாது, சும்மா முயற்சி பண்ணி தலவலி வாங்காதீங்க. பஸ்ஸுக்குன்னு சின்ன நோட்டு ஒண்ணு வச்சு டெஃபனிஷன் மட்டும் எழுதிக்கிட்டேன், ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. எம்எஸ்சி மேக்ஸ்ல பாதி கேள்வி டெஃபனிஷன் சரியா தெரிஞ்சாலே நகர ஆரம்பிச்சுரும்.

எப்படிப் படிக்கறதுங்கறதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்னு ஒரு பாடம் (எல்லாப் புள்ளியும் சேந்தாப்ல லிமிட்டுக்கு வருதாங்கறது), மூணு வாரம் அதுலயே நின்னுட்டேன். புக்க படிச்சா புரியற மாதிரி இருக்கும், மூடினா ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் காலைல கிழிச்ச தினசரி காலண்டர் தாள எடுத்து பின்பக்கம் எக்ஸ் பவர் என்-ன (xⁿ) எழுதி, 0 முதல் 1 வரைக்கும்னு கோடு போட்டு, மொபைல் கால்குலேட்டர்ல ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தேன். 0.9ஐ பத்து தடவ பெருக்கினா 0.35 கிட்ட வருது. அம்பது தடவன்னா 0.005, கிட்டத்தட்ட பூஜ்ஜியம். சரி, அம்பது போதும்போலன்னு நெனச்சு 0.99ஐ அம்பது தடவ போட்டா 0.605ல நிக்குது, அது 0.0066க்கு எறங்க ஐநூறு தடவ வேண்டியிருக்கு. 0.999ஐ அம்பது தடவ போட்டா இன்னும் 0.95. ஒண்ணுக்குக் கிட்டப் போகப் போக எத்தன தடவங்கறது ஓடிக்கிட்டே இருக்கு, எல்லா எக்ஸுக்கும் சேத்து இந்த ஒரு என் போதும்னு சொல்லவே முடியல. ஒவ்வொரு புள்ளியா பாத்தா சீக்கிரமோ லேட்டோ எல்லாம் பூஜ்ஜியத்துக்கு வந்துருது, ஒண்ணு மட்டும் ஒண்ணாவே நிக்குது, ஆனா எல்லாம் சேந்து வரல. அதத்தான் அந்த டெஃபனிஷன்ல எப்சிலானுக்கு அப்புறம் என் வருதா எக்ஸ் வருதான்னு வரிசைய மாத்தி சொல்லியிருக்காங்க. மூணு வாரமா முறைச்சுட்டு இருந்தது பத்து நிமிஷத்துல உக்காந்துருச்சு. அந்தக் காலண்டர் தாள் இன்னும் என் நோட்டுல இருக்கு, முன்பக்கம் சந்திராஷ்டமம் போட்ருக்கு. எந்த தியரமா இருந்தாலும் மொதல்ல ஒரு உதாரணம் கையால போடுங்க, அப்புறம் பொருந்தாத ஒரு உதாரணம் தேடுங்க, அதுக்கப்புறம் ப்ரூஃப். ப்ரூஃப படிச்சுட்டு புக்க மூடி எழுதிப் பாருங்க, எங்க நிக்குதோ அந்த வரிதான் உங்களுக்குப் புரியாத வரி.

மெட்டீரியலுக்கு காசு செலவு பண்ணாதீங்க. இக்னோ பாடப் புத்தகமெல்லாம் இ-ஞான்கோஷ்ங்கற அவங்க வெப்சைட்ல ஃப்ரீயா கெடைக்குது, நீங்க வேற யுனிவர்சிட்டில படிச்சாலும் எறக்கிப் படிக்கலாம், தனியா படிக்கறவங்களுக்குன்னே எழுதினதால நடுநடுவுல கேள்வி கேட்டு பின்னாடி விடை குடுத்திருப்பாங்க. வகுப்பு மாதிரி கேக்கணும்னா என்பிடெல் (ஐஐடிங்க நடத்தற ஆன்லைன் வகுப்பு). ஜனவரிலயும் ஜூலைலயும் நாலு, எட்டு, பன்னெண்டு வாரம்னு கோர்ஸ் ஆரம்பிக்கும், பாக்கறதுக்குக் காசில்ல, சர்டிஃபிகேட் வேணும்னாதான் பரீட்சைக்குப் பணம் கட்டணும். பன்னெண்டு வார கோர்ஸ அப்படியே உங்க பேப்பரோட சேத்து ஓட்டினா வாரா வாரம் ஒரு அசைன்மென்ட் கழுத்தப் புடிக்கும், வெரட்ட ஆளில்லன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு இது மருந்து. சென்னைல இருக்கறவங்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூலகம், மதுரைல கலைஞர் நூலகம், ஞாயித்துக்கெழம வீட்டுல உக்கார முடியாதவங்க அங்க போயிடுங்க. எங்க ஊருக்கு அந்தக் குடுப்பினை இல்ல, மொட்டமாடிதான்.

அசைன்மென்ட் பத்தி நெறைய சொல்லணும். மொத்த மார்க்ல 30 சதவீதம் வரைக்கும் அதுல இருக்கு, மிச்சம் 70 பரீட்சை. டெலகிராம்ல விடையோட பிடிஎஃப் விக்கறாங்க, வாங்கி காப்பி அடிச்சு குடுக்கறவங்க பாதிப் பேரு. நானும் ஒரு பேப்பருக்கு அப்படிப் பண்ணேன், அசைன்மென்ட்ல எண்பத்தி சொச்சம் வந்துச்சு, பரீட்சைல அந்த பேப்பர்தான் ஊத்திக்கிச்சு. அசைன்மென்ட்ல வர்ற கேள்வியோட சாயல்லதான் பரீட்சைலயும் கேப்பாங்க, அத சொந்தமா போட்டாலே பாதி சிலபஸ் முடிஞ்ச மாதிரி. நான் பின்ன பின்ன பாடம் படிக்கறதுக்கு முன்னாடியே அசைன்மென்ட் கேள்விய பாத்து வச்சுக்கிட்டேன், எது தேவைன்னு தெரிஞ்சு படிச்சா வேகமா ஓடுது.

கையால எழுதச் சொன்னா கையாலதான், ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனி கட்டு, மொதப் பக்கத்துல என்ரோல்மென்ட் நம்பர், கோர்ஸ் கோடு, ஸ்டடி சென்டர் கோடு. குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல ஸ்கேன் பண்ணுங்க, குடுத்ததும் சீல் போட்ட ரசீது வாங்காம அந்த எடத்த விட்டு நகராதீங்க. எனக்கு மூணாவது பருவத்துல ஒரு அசைன்மென்ட் மார்க் ஏறவே இல்ல, ரிசல்ட்ல அந்த எடத்துல வெறும் கோடு. சென்டர்ல கேட்டா "நாங்க அனுப்பிட்டோம்"னாங்க, மேல கேட்டா "எங்களுக்கு வரல"ன்னாங்க, இப்படியே பந்து விளையாடினாங்க அஞ்சு மாசம். ரசீதும் ஸ்கேனும் இருந்ததால ரெண்டையும் மெயில்ல போட்டு போட்டு ஒருவழியா ஏத்தினாங்க. என்கூட சேந்த ஒரு பொண்ணு ரசீது இல்லாம அதே அசைன்மென்ட்ட மறுபடி எழுதிக் குடுத்துச்சு.

பரீட்சைக்கு ஃபார்ம் தனியா போடணும், அதுக்கு ஃபீஸ் தனி, இத மறந்து ஒரு பருவமே விட்டவங்க உண்டு. ஃபார்ம்லயே சென்டர் தேர்ற எடம் வரும், சீக்கிரம் போட்டா பக்கத்து ஊர் கெடைக்கும். படிச்சது எல்லாம் இருந்தும் என்ன தோக்கடிச்சது எழுதற வேகம். பத்து வருஷமா நாம மத்தவங்க எழுதினதத்தானே திருத்திட்டு இருக்கோம், மூணு மணி நேரம் தொடர்ந்து எழுதினா ரெண்டாவது மணில கட்ட விரல் மரத்துப் போச்சு. அடுத்த தடவ மே மாசத்துல நாலு பழைய கேள்வித்தாள எடுத்து, செல்ஃபோன பக்கத்து ரூம்ல வச்சுட்டு, மூணு மணி நேரம் அலாரம் வச்சு முழுசா எழுதினேன். நாலு போதும். அஞ்சு வருஷக் கேள்வித்தாள வரிசையா வச்சுப் பாத்தா எந்த யூனிட்ல இருந்து தப்பாம வருதுன்னு தெரிஞ்சுரும், ஆனா அத மட்டும் நம்பி மிச்சத்த விட்டா ஒரு வருஷம் மாத்திப் போட்டு வேடிக்க பாப்பாங்க.

வீட்டுல? மாமியார் மொதல் வருஷம் முழுக்க "நீதான் டீச்சராச்சே, இன்னும் என்னத்தடி படிக்கற"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. விளக்கம் சொல்லி பிரயோஜனம் இல்லன்னு பரீட்சைத் தேதிய சமையக்கட்டு காலண்டர்ல செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சேன், ரெண்டு வாரம் முன்னாடியே அவங்களா வந்து "நான் பாத்துக்கறேன், நீ மேல போ"ன்னாங்க. சொல்றதவிட தேதி தெரிஞ்சா வீட்டுல வேல நடக்குது. அந்த ரெண்டு வாரம் சாயங்கால ட்யூஷன நிறுத்திட்டேன், நாலாயிரம் போச்சு, ஃபீஸோட சேத்து இதையும் செலவுல எழுதிக்கங்க.

கடைசி ரிசல்ட் வந்ததும் வேல முடிஞ்சதுன்னு உக்காந்துராதீங்க. எல்லா பேப்பரும் எல்லா அசைன்மென்டும் ஏறியிருக்கான்னு பாத்துட்டு புரொவிஷனல் சர்டிஃபிகேட்டும் மார்க் ஷீட்டும் வாங்குங்க, கான்வகேஷனுக்கு அப்ளை பண்ணாதான் டிகிரி வரும், அதுக்கும் ஒரு தேதி வச்சிருப்பாங்க. டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) மாதிரி எடத்துல சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷனுக்குப் போகும்போது நீங்க சேந்த வருஷம் அந்த கோர்ஸுக்கு அனுமதி இருந்துச்சான்னு கேப்பாங்க. மொதல் நாளே எடுத்து வைக்கச் சொன்ன டிஇபி பிரிண்ட் அவுட் இதுக்குத்தான், அதையும் 2022 யூஜிசி அறிவிப்பையும் ஒரே கவர்ல போட்டு, இனிஷியல் மாறியிருந்தா கெஜட் காப்பியும் சேத்து, ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஒரு செட் அங்கயே வாங்கி வச்சுக்குவாங்க.